மாமாவின் பாரைக் கதை

எங்கள் மாமா பாரை மீன் கூட்டத்தைக் கண்டுபிடித்த கதை எனக்கு நன்றாகப் பாடம். எனக்கு மட்டுமல்ல, எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன எவருக்கும் அது பாடமாக இருந்திருக்கும். கலியாணவீடு, சாமத்தியவீடு, முதல் நன்மை என்று எங்கே நாலு சனம் கூடினாலும் மாமா தொண்டையைச் செருமுவார். பிறகு "அப்ப பாருங்கோ" என்று தொடங்குவார். அவர் தொடங்கியதும் அம்மா எழுந்து குசினிக்குள் போய்விடுவார். அண்ணன் தன் புகழைத் தானே பாடுவதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கு அலுத்துப்போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். சோளகக் காற்று தொடங்குவதற்கு முன் ஒரு நல்ல விடியற்காலை. மாமா அப்போது இளந்தாரி. அம்மாவின் ஊர்க் கரையில் வடக்கு முனையில் ஆமைக்கல் என்று ஒரு பெரிய பாறை இருக்கிறது. மாமா அதில் ஏறி நின்று கடலைப் பார்க்கிறார். ஓரிடத்தில் தண்ணீர் கறுத்துத் தெரிகிறது. முகிலின் நிழல் என்று மற்றவர்கள் சொல்ல, மாமா மட்டும் இல்லை, அது மீன் என்கிறார். போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி வலப்பக்கம் வீச, கடலில் நின்ற தோணி வலப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் வீச, இடப்பக்கம் திரும்புகிறது. அப்படியே கூட்டத்தை வளைத்து வலையை விடுகிறார்கள். கரையில் நின்று கயிறு இழுக்க ஊரே போதாமல், பூசைக்கு வந்த சுவாமியாரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து பிடிக்கிறார். வலை கரை சேர்ந்தபோது அதன் மடி நிறையப் பாரை. வருஷம் போகப் போக அந்தப் பாரை மீன்களும் வளர்ந்துகொண்டே போயின. எனக்குப் பத்து வயதாகும்போது ஒவ்வொன்றும் என் உயரத்துக்கு வந்துவிட்டது.

அந்தக் கரை நிலாவெளியைத் தாண்டி, குச்சவெளிக்குப் போகிற பஸ் வழியில் இருக்கிறது. நான் பிறக்கும் முன்பே சண்டையில் ஊர் முழுதும் இடம்பெயர்ந்துவிட்டது. எங்கள் குடும்பம் திருகோணமலை ரவுணுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது. அப்பாவுக்கு சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. சனம் கரையில் விட்டுவிட்டு ஓடிய வாடிகள், வலையும் ஆளும் தங்குகிற அந்த ஓலைக் கொட்டில்கள், எரிந்தன. எரியாமல் மிஞ்சியதைப் பிறகு கடலே வந்து வாரிக்கொண்டு போனது. காணி உறுதிகளும் பெர்மிட்டுகளும் அவற்றோடு போயின.

சண்டை முடிந்து சனம் திரும்பியபோது கரையில் முள்ளுக்கம்பி வேலி நின்றது. உல்லாச விடுதி ஒன்று கட்டப்போகிறார்களாம். யாரோ ஒரு வெளியூர்க் கம்பெனி. அந்த இடம் என்றைக்குமே வெறும் மணலாகத்தான் கிடந்தது, அங்கே வாடி அடித்து எவரும் தொழில் செய்ததில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கரைவலைக்குக் கடல் மட்டும் இருந்தால் போதாது. தோணியை ஏற்ற, வலையை உலர்த்த, கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க நீட்டுக்குக் கரை வேண்டும். கரை போனால் ஊரும் போனது மாதிரித்தான். மாமா ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். அவர் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எங்கே போனாலும் ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். கடைசியில் காணிப் பிணக்குகளை விசாரிக்க ஓர் அதிகாரி வருவார் என்றும், ஊரவர்கள் நேரில் வந்து தங்கள் பக்கத்தைச் சொல்லலாம் என்றும் அறிவித்தல் வந்தது.

அந்த வருஷம்தான் சித்தப்பா மட்டக்களப்பிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். சித்தி பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். வரலாறு என்றால் எங்களுக்கு ராசாக்களும் போர்த்துக்கேயரும் கோட்டையும்தான். சித்தியோ சந்தையில் மீன் வெட்டுகிற மனுசியிடம் போய், சின்னவயதில் காலமைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறவர். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார். பதில் வந்து முடிந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் அதுவரை இருந்ததே இல்லை. எனக்கு அவரைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

காகிதம் போனால் போகட்டும், சனம் இருக்கிறதே, அவர்கள் வாயால் சொல்வதும் ஆதாரம்தான் என்று சித்தி சொன்னபோது மாமா துள்ளிக் குதிக்காத குறை. சித்தியிடம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. வீடு வீடாகப் போய் ஒவ்வொருவரிடமும் அந்தக் கரையைப் பற்றிக் கேட்டுப் பதிந்து, விசாரணையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. நல்லது என்றார் மாமா. ஆனால் ஆதாரம் என்றால் ஓர் ஒழுங்கு வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஒழுங்கை மாமாவே ஏற்படுத்தினார். ஊர்க் கோயிலின் பங்கு மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஊரவர்களைக் கூட்டிவைத்துப் பாரைக் கதையைச் சொல்லிக்கொடுத்தார். கரையில் தொழில் நடந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? விடியற்காலை என்றால் எல்லாரும் விடியற்காலை. வெள்ளைச் சட்டை என்றால் எல்லாரும் வெள்ளைச் சட்டை. ஒருவர் நீலச் சட்டை என்று சொல்லிவிட்டு மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியிருந்த திமிரில், யார் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊர் நன்றாகத் தேறி வருகிறது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

சித்தி பதிவுகளோடு வீட்டுக்கு வந்த அன்று அவருடைய முகம் சரியில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். கோயில் மணி அடிக்கிறவர் "அப்ப பாருங்கோ" என்று தொடங்கினார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் மருமகனும் "அப்ப பாருங்கோ" என்றே தொடங்கினார். மாமா செருமுகிற இடத்தில் எல்லாரும் செருமினார்கள். சந்தியில் அப்பம் சுட்டு விற்கிற ஆச்சிக்குத் தடிமன்கூட இல்லை; அவரும் செருமினார்.

"அண்ணை, இதை நான் கொண்டுபோய்க் குடுக்க ஏலாது," என்றார் சித்தி. "எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

மாமாவுக்கு அது விளங்கவே இல்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் உலகம் தலைகீழாகப் புரண்டது மாதிரி இருந்திருக்க வேண்டும்.

"பிள்ளை, நீங்கள் படிச்சனீங்கள். நாங்கள் பட்டனாங்கள்," என்றார். "ஒராள் ஒண்டு சொல்லி மற்ற ஆள் வேற ஒண்டு சொன்னால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்."

அவர் சொன்னது சண்டைக் காலத்தை. சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து இறக்கி, புருஷனை ஒரு பக்கமும் பெண்சாதியை மறு பக்கமும் நிறுத்திக் கேள்வி கேட்ட காலம் அது. எங்கே போகிறாய், ஏன் போகிறாய், வீட்டில் எத்தனை பேர். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் பஸ்ஸில் ஏறலாம். ஒத்துப்போகாவிட்டால் பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும். அதனால் வீட்டை விட்டு வெளிக்கிடும் முன் எல்லாரும் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வெளிக்கிடுவார்கள். ஒரே சொல்லைச் சொல்லித் தப்பிய சனம் அது. இன்னொருமுறை மேசை போட்டு ஒருவர் கேள்வி கேட்க வருகிறார் என்றதும், தெரிந்த வித்தையையே எடுத்தார்கள். இதையெல்லாம் யோசிக்க எனக்கு அப்போது வயது போதாது. நான் முழுக்க முழுக்க மாமாவின் கட்சி. இவ்வளவு பாடுபட்டுப் பாடமாக்கியதை ஒருவர் வந்து குறை சொல்வதா என்று சித்தி மேல் கோபமாகக்கூட இருந்தது.

சித்தி அதோடு விட்டுவிடவில்லை. அன்று பின்னேரம் குசினிக்குள் வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவிடம், ஊர் ஆள் இல்லாத, ஆனால் அந்தக் கரையைத் தெரிந்த எவராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா துருவிக்கொண்டே இருந்தார். சித்தி தன் வழக்கப்படி சும்மா நின்றார். தேங்காய்ப் பாதி முடிந்து, அம்மா மற்றப் பாதியைக் கையில் எடுத்தார்.

"கிண்ணியாவில இருந்து ஒரு முஸ்லிம் காக்கா லொறி கொண்டு மீன் எடுக்க வாறவர்," என்றார் அம்மா. "உயிரோட இருக்கிறாரோ தெரியாது."

மீன் சந்தையில் விசாரித்து, கிண்ணியாவுக்கு பஸ் ஏறி, சித்தியும் நானும் அவர் வீட்டைக் கண்டுபிடித்தோம். காக்கா உயிரோடுதான் இருந்தார். ஆனால் வீட்டில் இல்லை. மருமகளிடம் விசாரணை நாளையும் இடத்தையும் சொல்லிவிட்டு, அவர் தந்த மஸ்கட் இனிப்பைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். விஷயத்தைக் கேட்ட மாமாவின் முகம் செத்துப்போயிற்று. அவரை ஏன் கூப்பிட்டீர்கள், அவரை ஏன் கூப்பிட்டீர்கள் என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். ஒத்திகைக்கு வராத ஆள் அல்லவா, மாமா பயப்படுவது சரிதான் என்று நினைத்தேன்.

விசாரணை பங்கு மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, அதிகாரிக்குக் கைபிடி வைத்த கதிரை போட்டு, சோடாவும் உடைத்து வைத்திருந்தார்கள். அவர் மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி கழற்றித் துடைத்தார். கம்பெனி ஆள் ஒருவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். ஊர்ச் சனம் கோயிலுக்கு உடுக்கிற உடுப்போடு வந்திருந்தது.

முதலில் மணி அடிக்கிறவர் சொன்னார். ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரி தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். அடுத்து சம்மாட்டியின் மருமகன். அதிகாரி எழுதுவது குறைந்தது. அதற்கடுத்து அப்பக்கார ஆச்சி எழுந்து செருமினார். அதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"வலை கரைக்கு வந்த பிறகு என்ன நடந்தது அம்மா?" என்று கேட்டார்.

அது பாடத்தில் இல்லை. ஆச்சி திரும்பி மாமாவைப் பார்த்தார். மண்டபம் முழுதும் திரும்பி மாமாவைப் பார்த்தது. கம்பெனி ஆள் சிரித்தார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாரும் ஒண்டையே சொல்லுறதெண்டால் நான் ஒராளைக் கேட்டது மாதிரித்தான். இதை வைச்சு நான் என்னத்தை எழுத?" என்றார். அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. உண்மையிலேயே மனவருத்தத்தோடு சொன்னது போலத்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. அவர் கடதாசிக் கோவையை மூடி நாடாவால் கட்டத் தொடங்கினார். எங்கள் கரை அந்த நாடாவோடு சேர்த்துக் கட்டப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

அந்த நேரத்தில்தான் கிண்ணியாக் காக்கா வந்து சேர்ந்தார். பஸ் பிந்திவிட்டதாம். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சலாம் சொல்லி, காட்டிய கதிரையில் இருந்தார். சித்தி எழுந்து, இவர் வெளியூர் வியாபாரி, தயவுசெய்து இவரை மட்டும் கேளுங்கள் என்று கெஞ்சினார். அதிகாரி நாடாவை அவிழ்க்கவில்லை. சும்மா மரியாதைக்குக் கேட்பவர் போல, இந்த ஐயா சட்டையை வீசிப் பாரைக் கூட்டம் காட்டினாராமே, உங்களுக்குத் தெரியுமா என்று மாமாவைக் காட்டிக் கேட்டார்.

காக்கா மாமாவை உற்றுப் பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார்.

"இவரா? இவர் அண்டைக்கு வாடிக்குள்ள நல்ல நித்திரை. மீனைக் கண்டது இவர்ட தம்பி. சட்டை எங்க இருந்தது அவனுக்கு? உடுத்திருந்த சாரத்தைக் கழட்டித்தானே வீசினவன்! பொம்புளையெல்லாம் கண்ணைப் பொத்திக்கிட்டு ஓடினவங்க. அவன் எங்க, காணயில்ல? அவனைக் கூப்பிடுங்க, அவனே சொல்லுவான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்குத் தம்பி கிடையாது. அம்மாவுக்கு ஒரு அண்ணன் மட்டும்தான். பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் கீறச் சொன்னபோது அம்மாவே அப்படித்தான் சொல்லித் தந்தார். இந்த மனிதருக்கு வயது போய் எல்லாம் மாறிவிட்டது, எங்கள் காரியத்தை இவர் முழுதாகக் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எந்தத் தம்பி?" என்று கேட்டார் அதிகாரி. பேனையைத் திரும்பக் கையில் எடுத்திருந்தார்.

மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தார். அது அம்மா. பெற்றோர் கூட்டத்தில்கூட வாய் திறக்காத என் அம்மா.

"எனக்கு இளையவன் ஐயா," என்றார். பெயரைச் சொன்னார். ஞானஸ்நானப் பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும் சொன்னார். "ரவுணுக்குச் சீனி வாங்கப் போனவன். திரும்பி வரேல்லை."

அதிகாரி எழுதவில்லை. பேனையை அப்படியே பிடித்துக்கொண்டு, இருங்கோ அம்மா என்றார்.

"இருக்க மாட்டன் ஐயா. சொல்லிப்போட்டு இருக்கிறன்," என்றார் அம்மா.

அம்மா சொன்னார். விடியற்காலை என்பதே பொய்யாம். பூசை முடிந்து வெயில் ஏறிய நேரமாம். அம்மா தம்பிக்குக் கஞ்சி கொண்டு ஆமைக்கல்லடிக்குப் போனாராம். மேலே நிமிர்ந்து பார்த்தால் அவன் சாரத்தைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு கத்துகிறானாம். அம்மா கஞ்சிக் கோப்பையை மணலில் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றாராம். மீன் பிடிபடும் வரைக்கும் திரும்பவே இல்லையாம். ஊரே பார்த்த அந்தப் பாரைக் கூட்டத்தை நான் மட்டும் பார்க்கவில்லை ஐயா என்று அம்மா சொன்னபோது, யாரோ பின்னால் குபுக்கென்று சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனாலும் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதே இல்லை.

பிறகு மண்டபத்தை ஒருவராலும் அடக்க முடியவில்லை. மணி அடிக்கிறவர் துள்ளி எழுந்தார். பூசைக்குப் பிறகு இல்லை, பூசைக்கு முன், நான் மணி அடிக்கப்போய்ப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தேன் என்றார். அப்பக்கார ஆச்சி, அது சாரமே இல்லை, என்னுடைய துவாய், அதை அவன் திருப்பித் தரவே இல்லை என்றார். லொறி காலையிலேயே கரையில் இருந்த கிணற்றடியில் நின்றது என்று காக்கா சொல்ல, சம்மாட்டியின் மருமகன் விடவில்லை. அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. லொறியை மிதவையில் ஏற்றித்தான் இக்கரைக்குக் கொண்டுவர வேண்டும். மிதவை பிந்தி லொறி பின்னேரம்தான் கிணற்றடிக்கு வந்தது, அதுவரை மீனுக்கு ஓலை போட்டு மூடிக் காவல் இருந்தது நான்தான் என்று அவர் கத்தினார். சுவாமியார் கயிறு பிடித்தாரா இல்லையா என்பதில் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. அதிகாரி மெல்ல நாடாவை அவிழ்த்துக் கோவையை விரித்து, மளமளவென்று எழுதத் தொடங்கினார்.

கடைசியாக மாமா எழுந்தார். மண்டபம் அடங்கியது. மாமா மறுத்துச் சொல்லப்போகிறார், சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் அந்தோனியாரை மன்றாடினேன்.

"காக்கா சொன்னது சரி. நான் நித்திரைதான்," என்றார் மாமா. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மாமா கையை உயர்த்தினார். "ஆனால் காக்கா, வலை கிழிஞ்சது உங்கட லொறிக்காரராலதான். இழுக்கத் தெரியாதவங்கள் வந்து இழுத்துக் கிழிச்சவங்கள். அதை இண்டைக்குச் சொல்லித்தான் ஆகவேணும்."

"கிழிஞ்ச வலையைக் கொண்டுவந்து போட்டது நீங்க! எங்கட ஆக்கள் இல்லாட்டி ஒரு மீன் வந்திருக்காது!" என்று காக்காவும் எழுந்துவிட்டார்.

அந்தச் சண்டை மண்டபத்தில் முடியவில்லை. அதிகாரி எல்லாரையும் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்பெனி ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேலிப் படலையைத் திறந்துவிட்டார். அதிகாரி சனத்தைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, வாடி எங்கே இருந்தது, கிணறு எங்கே, வலை காயப்போட்ட இடம் எங்கே என்று நடந்து காட்டச் சொன்னார். காக்கா போனார். மணி அடிக்கிறவர் போனார். ஆச்சி ஒரு கையில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். அம்மா போனார். போகும்போதும் வரும்போதும் சண்டைதான். காலையா பின்னேரமா, சாரமா துவாயா, வலையைக் கிழித்தது யார். ஆனால் எல்லாருடைய கால்களும் ஒரே இடத்தில் போய் நின்றன. கிணறு என்று எல்லாரும் காட்டிய இடத்தில் இளைஞர்கள் மணலைக் கிண்டினார்கள். இடுப்பளவு தோண்டும் முன்பே சீமெந்துக் கட்டின் வளைந்த விளிம்பு தெரிந்தது. கடல் கொண்டுவந்து போட்ட மணலுக்குக் கீழே அது பத்திரமாக இருந்தது.

அதிகாரி குனிந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நீங்கள் எல்லாத்துக்கும் சண்டை பிடிக்கிறீங்கள்," என்றார் நிமிர்ந்து. "இடத்துக்கு மட்டும் ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை."

சித்தி சின்னப்பிள்ளை மாதிரிக் கையைத் தட்டினார். மணலில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் திரும்ப முதலிலிருந்து சொல்லச் சொன்னார். இந்த முறை ஒருவரும் செருமவில்லை. இப்போது நானும் வரலாறு படித்துவிட்டு, இலங்கைத்துறை, மூதூர் என்று ஊர் ஊராகக் கருவியோடு திரிகிறவள்தான். இரண்டு பேர் என் முன்னால் ஒரு பழைய விஷயத்துக்கு முட்டி மோதத் தொடங்கினால் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். அவர்கள் எதில் முட்டுகிறார்கள் என்பதையும் எழுதுவேன், எதில் முட்டாமல் கடந்துபோகிறார்கள் என்பதையும் எழுதுவேன். மிக அழகாக ஒத்துப்போகிற சாட்சியங்களைக் கண்டால், இந்தச் சனத்துக்கு எதன் மேல் பயம் என்று முதலில் யோசிப்பேன்.

மாரி வரும் முன் முடிவு வந்தது. கரை ஊருக்கு. வேலியைக் கழற்றிய அன்று கம்பியைச் சுருட்ட ஆண்களும் பெண்களுமாகப் போட்டி போட்டார்கள். அடுத்த பருவம் பிறந்ததும் தோணியை மந்திரித்துக் கடலில் இறக்கினார்கள். சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். கிண்ணியாக் காக்கா மகனின் லொறியில் வந்து, கிணற்றடியில் கதிரை போட்டு ராசா மாதிரி இருந்தார். ரவுணிலிருந்து சித்தப்பா, சித்தி, அப்பா, நான் என்று எல்லாரும் கயிறு பிடித்தோம். உள்ளங்கை உரிந்தது. வலை வந்து சேர்ந்தால், மடியில் கொஞ்சம் சூடை மீனும், ஒன்றுக்கும் உதவாத கடற்சொறி நிறையவும்தான். ஆனால் ஊர் போட்ட கூச்சலைக் கேட்டிருந்தால் கடலில் இருந்ததையெல்லாம் அள்ளிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். வென்றுவிட்டோம் என்பதைத் தவிர எனக்கு வேறு ஒரு நினைவும் இருக்கவில்லை.

சூடையைப் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு மணலில் இருந்தபோது, யாரோ மாமாவைப் பார்த்துப் பாரைக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை பேர் முன்னால் பொய் வெளிப்பட்டுப்போன மனிதர் இனி எந்த முகத்தோடு அதைச் சொல்வார்? மாமா சொன்னார். "அப்ப பாருங்கோ, நான் நல்ல நித்திரை," என்று தொடங்கினார். தம்பி பாறையில் ஏறியதைச் சொன்னார். சாரத்தைக் கழற்றியதை எழுந்து நின்று செய்து காட்டினார். தம்பியின் பெயர் வருகிற இடத்திலெல்லாம் குரலை உயர்த்திச் சொன்னார். தேவையில்லாத இடத்திலும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அம்மா எழுந்து போகவில்லை. முன்வரிசையில் இருந்து, அப்பிடி இல்லை அண்ணை, இப்பிடி என்று திருத்திக்கொண்டிருந்தார். சனத்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான்.

காணாமல் போனவனின் வீடு என்று தெரிந்தால் மற்றவர்களுக்கும் ஆபத்து என்ற பயத்தில், வீட்டில் எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் ஒரு பிள்ளையைக் கழித்துச் சொல்லப் பழகிய வருஷங்கள் அந்தச் சண்டை வருஷங்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. பெயரைச் சொல்ல முடியாத தம்பியின் ஒரே ஒரு நல்ல நாளை எங்கே வைப்பது என்று தெரியாமல், மாமா அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பீற்றல்காரன் என்று பெயர் வாங்கிக்கொண்டு, கலியாணவீடு கலியாணவீடாகக் காப்பாற்றித் திரிந்திருக்கிறார் என்பதும் தெரியாது. அதை உரியவனிடமே ஒப்படைத்துவிட்ட சந்தோஷத்தில் அந்த மனிதர் மணலில் கையடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் மாமாவுக்குக் கொஞ்சம்கூட வெட்கமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.